மாமி முன்னால் ஒரு முள்

"காரை விக்கட்டாம்."

கடைக்குப் போய் உப்பு வாங்கிவரச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, உம்மு ஹானி தேத்தண்ணிக் கோப்பையைக் கணவனிடம் நீட்டினாள். மஸாஹிர் கோப்பையை வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோக மறந்துபோனான்.

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுவினம்? உம்மாதான்."

"ஏனாம்?"

"உம்மாவிட்ட ஏனெண்டு கேட்டு இந்த வீட்டில ஆருக்குப் பழக்கம்?"

அது உண்மைதான். முல்லைத்தீவுச் சந்தையில் புடவைக்கடை வைத்திருக்கும் மஸாஹிர், கடைக்குள் இருக்கும்வரைதான் முதலாளி. கலியாணத்தோடு வந்து குடியேறிய இந்த வீடு பெண் பிள்ளைகளுக்கென்று வழிவழியாக வந்த வீடு. இங்கே ஆட்சி மாமி லதீபாவுடையது. மாமி மருமகனோடு நேருக்கு நேர் ஒரு சொல் பேசியதில்லை. மருமகன் முன்னுக்கு வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிப் பக்கத்தால் போய்விடுவார். அது வழமை, அதுதான் மரியாதை. சொல்லவேண்டியதை மகளிடம் சொல்லுவார். மகள் கடைசியில் ஒரு 'ஆம்' சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்த 'ஆம்' வந்துவிட்டால் அதற்குமேல் முறையிட இடமில்லை.

ஆனால் காரை விற்பதா? அந்தக் கார் மஸாஹிருக்கு உயிர். சீமைக்குத் திரும்பிப்போன, காணி அளக்கிற ஒரு வெள்ளைக்கார சேவையர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, கம்பிச் சில்லுகள், கூரை என்று பேருக்கு ஒரு கிழிந்த படங்கு, ஆசனம் இரண்டே இரண்டு. பந்தயத்துக்கென்று செய்த வண்டி. அதை வாங்கியவனோ, சைக்கிளிலே தட்டையான ரோட்டிலும் பிரேக்கைப் பிடித்தபடி போகிற மனிதன். அவனுக்கு வேகம் எதற்கு? காரில் இருப்பதை நாலு பேர் பார்க்கவேண்டும். பறந்துகொண்டு போனால் நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள்?

அந்தக் காரைச் செய்தவர்கள் என்ன நினைத்துச் செய்தார்களோ, வேக மீற்றரை ஓட்டுகிறவனுக்கு முன்னால் வைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவரின் நெஞ்சுக்கு நேரே, சாப்பாட்டுக் கோப்பை அளவில் வைத்திருந்தார்கள். வாங்கிய நாள்தொட்டு மீற்றரின் முள் பூச்சியத்தில் படுத்தே கிடந்தது. படுத்த முள்ளால் யாருக்கும் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

வினை வந்தது முந்தநாள். மாமனார் பக்கீரைத் தண்ணீரூற்றுக்கு ஏற்றிப்போய்த் திரும்பும்போது, ஒரு மதகடியில் கார் தூக்கிப் போட்டது. போட்ட போட்டில் முள் துள்ளியெழுந்து எழுபதில் போய் நின்றது.

"மருமகன்! எழுபது!" என்றார் பக்கீர்.

"அது சும்மா, மாமா. அது பழுதான மீற்றர்."

"எழுபது!"

"மாமா, ரோட்டைப் பாருங்கோ. நாங்கள் ஊர்ந்துதானே போறம்."

பக்கீர் ரோட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வெயில் இறங்குமுன்னமே படுத்துவிட்டார். இப்போது, "காரை விக்கட்டாம்." மாமா மாமியிடம் எழுபதைப்பற்றி எல்லாம் கொட்டிவிட்டார் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"வவுனியா மில்காரர் கேட்டவரெல்லோ? வாற கிழமை வந்து காரைக் கொண்டுபோகச் சொல்லட்டாம்," என்றாள் உம்மு ஹானி. "அதுக்கு முந்தி இன்னொண்டு. வெள்ளிக்கிழமை உம்மாவைக் காரில விசுவமடுவுக்குக் கொண்டுபோய் விடட்டாம்."

"என்ன? மாமியையோ? என்ர காரிலயோ?"

விசயம் இதுதான். மாமியின் தங்கை ஸக்கியா விசுவமடுவில் புதுவீடு கட்டி, வெள்ளிக்கிழமை நபிபுகழ் பாடும் மௌலூது ஓதுவிக்கிறாள். மூத்தவள் போகாமல் வீடு குடிபுக முடியாது. மாமிக்கோ பஸ்ஸைத் தூரத்தில் கண்டாலே குமட்டிச் சத்தி வரும். எங்கே போவதென்றாலும் மாட்டுவண்டிதான். இந்தமுறை பார்த்து வண்டியின் இடப்பக்கத்து மாடு நொண்டுகிறது.

"நீயும் கூட வாவன்," என்றான் மஸாஹிர், நடுக்கத்தோடு.

"வந்து எங்க இருக்கிறது? உங்கட மடியிலயோ? நானும் வாப்பாவும் முதல் பஸ்ஸில போயிடுவம்."

மாமியும் தானும் தோளோடு தோள் இரண்டே ஆசனத்தில் இருக்கும் காட்சியை நினைத்தபோது மஸாஹிருக்கு வேர்த்தது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தபோது அதற்குள்ளேயே ஒரு வழி தெரிந்தது. வேகத்துக்குப் பயந்துதானே மாமி விற்கச் சொல்கிறார்? விசுவமடு போய்ச் சேரும்வரை அந்த முள் இருபதைத் தாண்டாமல் இருந்துவிட்டால்? கண்ணாலே கண்டபிறகு மாமி மனம் மாறமாட்டாரா? காரைக் காப்பாற்றுவதென்றால் இனி அந்த முள்ளைத்தான் பிடிக்கவேண்டும்.

அவன் அன்றே கடற்கரைக்குப் போய் அல்பேர்ட்டைக் கூட்டிவந்தான். வள்ளங்களுக்குப் புதிதாக வந்த மெசின்களை அந்தப் பக்கத்தில் திருத்துகிற ஒரே ஆள் அல்பேர்ட். என்ன மெசினுக்கு என்ன நோய் வந்தாலும் அவனிடம் இருந்த மருந்து ஒன்றே: தேங்காயெண்ணெய்.

அல்பேர்ட் காருக்குக் கீழே படுத்தான். சில்லுப் பக்கத்திலிருந்து மீற்றருக்குப் போகிற கம்பிக் குழாயைக் கழற்றி மோந்து பார்த்தான்.

"காய்ஞ்சு கிடக்கு, முதலாளி. அதுதான் முள்ளு விசர் பிடிச்சு நிக்குது."

"எண்ணெய் விட்டால் சரிவருமோ?"

"எண்ணெய் விட்டுச் சரிவராதது உலகத்தில என்ன கிடக்கு?"

அரைப் போத்தல் எண்ணெய் உள்ளே போனது. இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைவரை போனார்கள். முள் எழுபதை விட்டு இறங்கத்தான் செய்தது. இறங்கிப் பத்துக்கு வந்து, அங்கேயிருந்து எண்பதுக்குப் பாய்ந்து, பிறகு ஆட்டுக்குட்டியின் வால்போல இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அசையுதெல்லோ," என்றான் அல்பேர்ட் சந்தோசமாக.

"அசைஞ்சு என்ன பிரயோசனம்? மாமி பாத்தா தலை சுத்தி விழுந்திடுவா!"

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிற கம்பி முறுகிப்போச்சு. ஒருக்கா இழுத்து நிமித்திவிட்டால் சரி."

இழுத்தான். கம்பி நிமிரவில்லை, நடுவால் அறுந்துபோனது. மஸாஹிர் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். அல்பேர்ட் கொஞ்சமும் கலங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுறாத் தூண்டிலுக்குப் போடுகிற முறுக்குக் கம்பியில் ஒரு முழம் கொண்டுவந்து செருகினான்.

"பெரிய சுறாவே அறுக்கேலாத கம்பி. உந்தச் சின்ன முள்ளை இழுக்காதோ?"

இழுத்தது. கார் அசைந்ததும் முள் நேரே எழுபதுக்குப் போய்க் குந்திக்கொண்டது. இந்தமுறை ஆட்டமும் இல்லை, அசைவும் இல்லை.

அடுத்தநாள் மஸாஹிரின் மூளை தானாகவே வேலைசெய்தது. எதற்கு இந்தப் பாடு? கம்பியைக் கழற்றிவிட்டால் முள் பழையபடி பூச்சியத்தில் படுத்துவிடுமே! கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடிவந்து, தானே காருக்குக் கீழே பூந்து, உடுப்பெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டு கம்பியைக் கழற்றினான். எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். எழுபது. எண்ணெய் மீற்றருக்குள்ளே ஏறி, முள்ளை அந்த இடத்திலேயே ஒட்டிவிட்டது.

கார் வளவுக்குள் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. எஞ்சின் ஓடவில்லை. சாவி அவன் பொக்கெற்றில். முள் எழுபதில்.

"அல்பேர்ட்!" என்று அவன் போட்ட சத்தத்துக்கு, கடற்கரையில் வலை காயப்போட்டவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அல்பேர்ட் வந்து மீற்றரின் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே தலைமயிர்போல ஒரு சுருள் கம்பி இருந்தது. அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டான். முள் மெதுவாக இறங்கிப் பூச்சியத்தில் படுத்தது. மஸாஹிருக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது.

"இப்ப கம்பியைத் திரும்பக் கொழுவவேணும், முதலாளி. கொழுவாட்டி உள்ளுக்கு இருக்கிற சுருள் இறுகி, கார் நிண்டாலும் முள்ளு தானா ஏறிவிடும்."

கம்பியைக் கொழுவி, கண்ணாடியையும் பூட்டி ஓடிப் பார்த்தார்கள். கார் நின்றால் முள் பூச்சியம். கார் ஒரு சாண் அசைந்தால் எழுபது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

"இதுக்கு மேல?" என்றான் மஸாஹிர், செத்த குரலில்.

"இதுக்கு மேல கடவுள்தான். நான் விடிய நாயாத்துக் கரைக்குப் போறன், தொழில் கிடக்கு," என்று எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு அல்பேர்ட் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை உம்மு ஹானியும் பக்கீரும் முதல் பஸ்ஸில் போன கையோடு, மஸாஹிர் கோதுமைமாப் பசை கிண்டி, பழைய பேப்பரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மீற்றர் முகத்தில் நன்றாக அழுத்தி ஒட்டினான். இனி எழுபது என்ன, எழுநூறு காட்டினாலும் யாருக்குத் தெரியும்?

மாமி வெளியே வந்தார். தலையில் முக்காடு. இடது கக்கத்தில் தங்கைக்கென்று கொண்டுபோகும் ஒரு உயிர்க்கோழி. காலடியில் வைக்கத் தொதல் இனிப்புப் பெட்டியும் ஒரு போத்தல் தண்ணீரும். வலது கையில் பெரிய கறுப்புக் குடை. ஆசனத்தில் ஏறி அமர்ந்ததும் குடையை விரித்து, மருமகனுக்கும் தனக்கும் நடுவில் சுவர்போலப் பிடித்துக்கொண்டார். மரியாதை காப்பாற்றப்பட்டது. குடைக்குப் பின்னால் மருமகனும் மறைந்தான், ரோட்டில் பாதியும் மறைந்தது. மாமிக்குப் பார்ப்பதற்கென்று மிஞ்சியது கண்ணுக்கு முன்னால் இருந்த பலகை மட்டும்தான்.

இடையில் நின்று பேச்சைக் கைமாற்ற மகள் இல்லை. ஆகவே மாமி கோழியிடம் பேசினார்.

"கோழி, இந்தக் கதவு சரியாச் சாத்திக் கிடக்கோ எண்டு ஆரும் பாத்தால் நல்லம்."

மஸாஹிரும் கோழிக்கே பதில் சொன்னான். "நல்லாச் சாத்திக் கிடக்கு. பயப்பிட ஒண்டுமில்லை."

"கோழி, இதென்ன, கண்ணாடியில ஆரோ கடதாசியை ஒட்டி ஊத்தையாக்கி வைச்சிருக்கினம்?"

மஸாஹிர் அவசரமாகச் சொன்னான்: "அது... வெயில் படாமலுக்கு."

"வெயில் கண்ணாடியை என்ன செய்யும்? கலியாண வீடு மாதிரி ஒரு இடத்துக்குப் போறம்."

மாமியின் வீட்டில் ஒரு தூசியைக் கண்டவர்கள் கிடையாது. கோழியை மடியில் அமர்த்தி, போத்தல் தண்ணீரில் கொஞ்சம் கடதாசியில் விட்டு, சேலைத் தலைப்பால் தேய்த்தார். பசை இன்னும் காயவில்லை. கடதாசி சுருண்டு வந்தது. மாமி விடாமல் தேய்த்தார். தேய்த்து முடித்தபோது மீற்றரின் முகம் புதுமணிக்கூடுபோல் மின்னியது, ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று தெரிந்தது.

வேறு வழியில்லை. மஸாஹிர் கியரைப் போட்டான். கார் அசைந்தது.

"பிஸ்மில்லாஹ்," என்றார் மாமி. பிறகு, "கோழி! எழுபது."

மஸாஹிர் வேகத்தைக் குறைத்தான். எழுபது. இன்னும் குறைத்தான். எழுபது. கடைசியில் சின்னக் கியரிலேயே போட்டுவிட்டு, பிரேக்கில் ஒரு காலை ஊன்றியபடி ஊர்ந்தான். சின்னக் கியரில் எஞ்சின் போட்ட சத்தம் காடெல்லாம் கேட்டது. புதுக்குடியிருப்புக்கு அந்தப் பக்கம், விறகுக்கட்டு ஏற்றிய சைக்கிளில் ஒருவன் பின்னால் வந்து, குடைப் பக்கத்தால் சமாந்தரமாகக் கொஞ்சத்தூரம் வந்து, "என்ன முதலாளி, காருக்கு வருத்தமோ?" என்று கேட்டுவிட்டு முந்திக்கொண்டு போனான். எஞ்சின் சத்தத்தில் அது குடைக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை என்பது ஒன்றே மஸாஹிருக்கு ஆறுதல்.

ஒரு இடத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. கார் நின்றது. முள் விழுந்தது.

"இப்ப ஒண்டுமில்லை," என்று மாமி கோழிக்கு அறிவித்தார். ஆடுகள் போயின. கார் அசைந்தது. "எடுத்த எடுப்பில எழுபது."

"கோழி, மெத்த மெதுவாத்தான் ஓடுறன்," என்றான் மஸாஹிர், அழாக்குறையாக.

குடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீண்ட மூச்சு ஒன்று வந்தது. "எழுபதை மெதுவெண்டு சொல்லுறாரடி, கோழி."

மாமி ஒரு கை கோழியை இறுக்கிப் பிடித்தபடி, மற்றக் கை குடையைப் பிடித்தபடி, கண் இமைக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மஸாஹிர் மனதுக்குள் காரிடம் விடைபெற்றுக்கொண்டான். வவுனியா மில்காரர் இந்த ஆசனத்தில் இருப்பார். அவருடைய வயிறு ஸ்டியரிங்கில் முட்டும். கம்பிச் சில்லை யார் துடைப்பார்கள்? மூக்கின் சிவப்பு மங்காமல் யார் பார்ப்பார்கள்? ஆண்பிள்ளையைப் பெண்வீட்டுக்கு அனுப்புகிற தகப்பன்போல் அவன் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தான்.

விசுவமடுவில் ஸக்கியாவின் வாசலில் கார் நின்றது. மாமி குடையை மடக்கினார். இறங்கினார். மருமகனின் பக்கம் திரும்பாமல், கோழியோடு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

பள்ளியில் ஜும்மா தொழுதுவிட்டு வந்தும் மஸாஹிரின் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மௌலூது ஓதி முடிந்தது. பந்தலில் ஆண்களுக்கு நெய்ச்சோறு பரிமாறினார்கள். அவனுடைய சகன் தட்டில் மட்டும் இறைச்சி மலைபோல் குவிந்திருந்தது. உள்ளேயிருந்து மாமி தனியாக அனுப்பியதாம். தூக்கில் போடமுன் கேட்டதெல்லாம் கொடுப்பார்களாமே, அந்த வழமை அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

உள்ளே பெண்கள் பெரிதாகச் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு உம்மு ஹானி விறாந்தைக்கு வந்து அவனைக் கண்ணால் கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்த பக்கீரும் எழுந்து கூட வந்தார்.

"காரை விக்கவேண்டாமாம்," என்றாள் உம்மு ஹானி.

மஸாஹிர் தூணைப் பிடித்துக்கொண்டான். "என்ன சொன்னனீ?"

"விக்கவேண்டாமாம். மில்காரருக்கு இல்லையெண்டு ஆளனுப்பட்டாம். இனி எங்க போறதெண்டாலும் உம்மா உங்கட காரிலதானாம்."

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போய்விட்டதுபோல் இருந்தது. காலையிலிருந்து வராத பசி இப்போதுதான் வந்தது. பந்தலில் விட்டுவந்த சகனை யாரும் எடுத்துவிடாமல் இருக்கவேண்டுமே என்றுகூட நினைத்தான்.

"மாமா, நீங்கள் மாமியிட்ட போய் எழுபதெண்டு சொன்னதை நான் மனசில வைச்சிருக்கேல்லை," என்றான் பெருந்தன்மையோடு.

பக்கீர் திடுக்கிட்டார். "நான் எங்க சொன்னனான்? உனக்கென்ன விசரோ, மருமகன்? ஆம்பிளை ஒருத்தன் காரில பயந்ததைப் பெண்சாதியிட்டச் சொல்லுவானோ? வீட்டுக் கதிரையில சும்மா குந்தியிருந்த மாதிரிக் கிடந்துதெண்டுதான் சொன்னனான்."

மஸாஹிர் மனைவியைப் பார்த்தான். மனைவி தகப்பனைப் பார்த்தாள்.

"அப்ப மாமி ஏன் காரை விக்கச் சொன்னவா?"

பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஸக்கியாவின் குரல் வந்தது: "மாட்டுவண்டியெல்லாம் முந்திக்கொண்டு போற காரை வீட்டில வைச்சிருந்தால் ஊர் சிரிக்குமெண்டுதான் ராத்தா விக்கச் சொன்னவா, இண்டைக்கு எழுபதில வந்தாப்பிறகு விக்க ஆருக்கு மனம் வரும்?"